மச்சுப் பலகைமேல் டைல்ஸ்: எதைப் போடலாம், எதை விடலாம்

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டு மச்சை, அதாவது மரக்கட்டைமேல் பலகை பரப்பிய மாடித் தரையை, பெருக்கினால் தூசி அடுக்களையில் விழும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே அரை நூல், ஒரு நூல் சந்து (எட்டு நூல் ஒரு இஞ்சு). மேலே வாரியல் சத்தம் கேட்டதுமே கீழே ஆச்சி சட்டிகளை மூட ஆரம்பித்துவிடுவாள். "ஒரு டைல்ஸப் போட்டுத் தொலைங்கல" என்று அவள் சொல்ல ஆரம்பித்துப் பத்து வருடம் இருக்கும். போன சித்திரையில்தான் அதற்கு வேளை வந்தது.

வேளை வந்ததும் ஆளுக்கொரு யோசனை. கொத்தனார் ஏணிப்படியில் பாதி ஏறும்போதே முடிவு சொல்லிவிட்டார்: "அண்ணாச்சி, பாலித்தீன விரிச்சு ரெண்டு இஞ்சு கலவையப் போட்டு டைல்ஸ ஒட்டிருவோம். மூணு நாள் சோலி." ஆசாரி வந்து குனிந்து, பலகையை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இதும்மேலயா சிமெண்டக் கொட்டப் போறீய?" என்று மட்டும் கேட்டார். சென்னையில் இருக்கும் தம்பி போனில், மச்சையே பிரித்துப் போட்டுவிட்டுக் கான்கிரீட் போட்டுவிடுவோம், திரும்பத் திரும்பச் செலவு வேண்டாம் என்றான். நான் அலைந்து விசாரித்ததில் இன்னும் மூன்று வழிகள் சேர்ந்தன. அம்பாசமுத்திரம், கடையம், வீரவநல்லூர், செங்கோட்டைப் பக்கம் பழைய மச்சு வீடு வைத்திருக்கிறவர்களுக்கு இதே கேள்வி என்றைக்காவது வரும். அதனால் எதை எதற்காக எடுத்தேன், எதை எதற்காகத் தள்ளினேன் என்று எழுதிவிடுகிறேன்.

மரத்துக்கும் டைல்ஸுக்கும் அப்படி என்ன பகை என்று கேட்டால், இரண்டு பகை. மரம் ஈரத்தைக் குடித்தால் அகலத்தில் உப்பும், காய்ந்தால் வற்றும். நம் பக்கம் ஆனி ஆடியில் சாரல் காற்று, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, அதற்கு அப்புறம் பங்குனி சித்திரை வெயில். தேக்கு மற்ற மரங்களைப் பார்க்கக் குறைவாகத்தான் அசையும். அப்படியும் ஒன்பது இஞ்சு அகலப் பலகை மழைக்கும் வெயிலுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மாறிவிடும். விட்ரிஃபைடு டைல்ஸ் இதற்கு நேர் எதிர். அது உறிஞ்சுகிற தண்ணீர் அதன் எடையில் அரை சதவீதம்கூட இருக்காது. அடியில் இருப்பது வருடம் முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும், மேலே ஒட்டியிருப்பது அசையவே மாட்டேன் என்று கிடக்கும்.

இரண்டாவது பகை வளைவு. மச்சில் நடந்தால் பலகை கொஞ்சம் தணிந்து எழும். பலகைக்கு அது காலங்காலமான பழக்கம். டைல்ஸுக்கு ஆகாது. உடனே உடைந்துவிடாது, முதலில் டைல்ஸ் இடுக்கை அடைத்திருக்கிற கிரவுட் பொடியும், அப்புறம் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும், கடைசியில் கீறல் விழும்.

வீரவநல்லூரில் சித்தப்பா வீட்டில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அங்கே பலகைமேல் ஒன்றும் விரிக்காமல் நேரே கலவையைக் கொட்டி, சிமெண்ட் பால் ஊற்றி டைல்ஸ் பதித்தார்கள். ஆவணியில் போட்ட தரை. தை மாதம் போனபோது கீறல் விழுந்திருந்தது. விழுந்த விதம்தான் விசேஷம்: மூலைமட்டம் வைத்துக் கோடு இழுத்த மாதிரி ஒன்பது இஞ்சுக்கு ஒரு கோடு, அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும். அடியில் பலகை எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று மேலே படம் போட்டுக் காட்டியதுபோல இருந்தது. சித்தப்பா டைல்ஸ் மட்டரகம் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். டைல்ஸ்மேல் ஒரு குற்றமும் இல்லை.

"நம்ம தாத்தாமார் தட்டட்டியே மரத்துமேலதான போட்டாவ?" என்று கொத்தனார் கேட்டார். நியாயமான கேள்வி. மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய தட்டட்டியில், அதாவது மொட்டைமாடித் தளத்தில், நெருக்கமாகக் கட்டைகளை வைத்து, அதன்மேல் சன்னச் செங்கலைக் குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்பில் அடுக்கி, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் அடித்து இறுக்கினார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் தெளித்தார்கள். ஆனால் அங்கே பலகையே கிடையாது. கட்டைக்குக் கட்டை தாவி நிற்பது செங்கல். அகலத்தில் உப்பி வற்றுகிற பரப்பு அதில் இல்லை. சுண்ணாம்பும் மெதுவாக இறுகும், கொஞ்சம் அசைவுக்கு விட்டுக்கொடுக்கும், மயிரிழைக் கீறல் விழுந்தாலும் சமாளிக்கும். சிமெண்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதனால் தட்டட்டியைச் சாட்சிக்கு இழுப்பது சரிவராது.

செம்பும் நூலும்

எந்த வழி என்று பேசுவதற்கு முன்னால் மச்சு எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தாக வேண்டும். இதைத்தான் யாரும் செய்வதில்லை.

எங்கள் மச்சு பன்னிரண்டடிக்குப் பத்தடி. பன்னிரண்டடி நீளத்துக்கு வைரம் பாய்ந்த பனங்கட்டைகள், ஒன்றரை அடிக்கு ஒன்று. மேலே ஒரு இஞ்சு தேக்குப் பலகை. நடுவில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்தேன். மகன் மூலையிலிருந்து சாதாரணமாக நடந்து வந்தான். நாலாவது எட்டில் தண்ணீர் வழிந்தது. சரி, ஆடுகிறது. எவ்வளவு என்பது அடுத்த கேள்வி.

அடுக்களையில் நின்று, பனங்கட்டைக்கு அடியில் சுவருக்குச் சுவர் ஆணி அடித்து நைலான் நூலை விறைப்பாகக் கட்டினோம். நடுவில் கட்டைக்கும் நூலுக்கும் இடைவெளி 22 மில்லிமீட்டர். மேலே ஆறு பேரை அறையின் நடுக்கோட்டில் தோளோடு தோளாக நிற்க வைத்தோம். இடைவெளி 18 ஆனது. நாலு மில்லிமீட்டர் தணிவு. கேட்டால் ஒன்றுமில்லை போலத் தோன்றும். கணக்குப் போட்டால்தான் தெரியும்.

டைல்ஸ் தரைக்குப் பொதுவாக வைத்திருக்கிற அளவு, தாங்கும் நீளத்தை 360ஆல் வகுத்து வருவது. பன்னிரண்டடி என்பது 3,660 மில்லிமீட்டர், வகுத்தால் பத்து. முழுப் பாரம் ஏறும்போது நடுவில் பத்து மில்லிமீட்டருக்கு மேல் தணியக் கூடாது. கிரானைட், மார்பிள் மாதிரிக் கல் என்றால் 720ஆல் வகுக்க வேண்டும், ஐந்துதான் அனுமதி. முழுப் பாரம் எவ்வளவு? வீட்டு அறைக்கு ஐ.எஸ். 875 என்கிற இந்தியத் தர விதி சொல்வது சதுர மீட்டருக்கு 200 கிலோ. எங்கள் அறை பதினோரு சதுர மீட்டர், ஆக 2,200 கிலோ. நாங்கள் ஏற்றியது ஆறு ஆள், சுமார் 400 கிலோ. நடுவில் நிற்கிற பாரம் பரவிக் கிடக்கிற பாரத்தைப் போல 1.6 மடங்கு வளைக்கும் என்பதால் அதை 640 என்று வைத்துக்கொள்ளலாம். 640க்கு நாலு என்றால் 2,200க்குக் கிட்டத்தட்டப் பதினாலு மில்லிமீட்டர். பத்தைத் தாண்டிவிட்டது. இந்த நிலையில் மேலே எந்தச் சரக்கைக் கொண்டுவந்து ஒட்டினாலும் காசு வீண்தான்.

பாரம் என்றதும் ஒன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது பயந்துபோய்க் கீழே இருந்த நெல் மூடை, அரிசி, பாத்திரம், மிக்ஸி எல்லாவற்றையும் இந்த மச்சில்தான் ஏற்றி வைத்தோம். கூடவே நாங்கள் ஒன்பது பேர். அன்றைக்கு இந்தக் கணக்கு எனக்குத் தெரியாமல் போனது நல்லதாயிற்று. பனங்கட்டை ஒடியவில்லை. ஒடியாமல் இருப்பதும் வளையாமல் இருப்பதும் வேறு வேறு என்பதற்கு அதுவே உதாரணம்.

தீர்வு ஒன்றுதான்: நீளத்தைக் குறைப்பது. பரவிய பாரத்தில் வளைவு நீளத்தின் நாலாம் அடுக்கில் ஏறும். நடுவில் ஒரு தாங்கல் கொடுத்துப் பன்னிரண்டடியை ஆறாக்கினால் வளைவு பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டு அளவு வாங்கி, கட்டைகளுக்குக் குறுக்கே அடியில் ஒரு இரும்பு ஐ-பீம் கொடுத்தோம். இரண்டு முனையும் பழைய சுண்ணாம்புச் சுவரில் உட்காருவதால், அடியில் கல் படுக்கை வைத்துத்தான் ஏற்றினோம். இல்லாவிட்டால் பீம் சுவரைக் கடித்து இறங்கும். பீமுக்கும் கட்டைக்கும் நடுவே இருந்த சந்தில் ஆசாரி ஆப்பு அடித்து இறுக்கினார். அப்புறம் அதே ஆறு பேர் நின்றபோது தணிவு அரை மில்லிமீட்டர். அடுக்களையில் தலைக்குமேல் ஒரு இரும்புத்தண்டு ஓடுவது ஆச்சிக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை.

இதோடு கட்டைகளின் முனையையும் சோதிக்க வேண்டும். மரம் முதலில் கெடுவது சுவருக்குள் போய்ப் படுக்கிற இடத்தில்தான். பனையில் இது இன்னும் வஞ்சகமாக நடக்கும். பனைக்கு வைரம் வெளிப்பக்கம், உள்ளே சோறு மாதிரி மெத்து. செல், அதாவது கரையான், உள்ளே புகுந்து தின்றுவிட்டு வெளி ஓட்டை அப்படியே விட்டுவைக்கும். பார்வைக்குக் கட்டை நன்றாக இருக்கும். சுத்தியலால் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும்; 'பொத்' என்றால் உளியைக் குத்திப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு கட்டையில் உளி முழங்கைக்குப் போகாத குறைதான். அதை மாற்றிவிட்டோம்.

எடையை வைத்துப் பார்த்தால்

இனி வழிகளுக்கு வரலாம். முதலில் கொத்தனாருடைய வழி. அதை நான் கேலியாகத் தள்ளவில்லை. ஒழுங்காகச் செய்தால் அது நல்ல முறைதான். பலகைமேல் தார்ப்பேப்பரோ கனமான பாலித்தீனோ விரிக்க வேண்டும், கலவைத் தண்ணீர் மரத்துக்குப் போகாமலும் கலவை மரத்தோடு ஒட்டாமலும் இருக்க. கலவையின் நடு உயரத்தில் கம்பி வலை நிற்க வேண்டும். விரித்துப் போட்டு மேலே கலவையைக் கொட்டினால் வலை அடியில் படுத்துக்கொள்ளும், அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. சுவரைத் தொடாமல் சுற்றிலும் இடைவெளி விட வேண்டும். அப்போது அது மரத்தின்மேல் மிதக்கிற தனிப் பலகைபோல் ஆகிவிடும். மரம் அடியில் அசைந்துகொள்ளலாம். சித்தப்பா வீட்டில் இந்த மூன்றில் ஒன்றுகூட நடக்கவில்லை.

இதன் பெரிய நன்மை, மச்சு ஒரு பக்கம் இஞ்சுக் கணக்கில் சரிந்திருந்தால் கலவையிலேயே மட்டம் எடுத்துவிடலாம். பெரிய கெடுதல் எடை. இரண்டு இஞ்சுக் கலவை சதுர மீட்டருக்கு நூறு கிலோவைத் தாண்டும். எங்கள் சின்ன அறைக்கே 1,100 கிலோவுக்கு மேல், அதுவும் ராத்திரி பகல் எந்நேரமும். மேலே டைல்ஸ் ஒரு 20 கிலோ. ஆள் நடமாட்டத்துக்கு என்று வைத்த 200 கிலோ அளவில் பாதிக்கு மேல் ஆள் ஏறாமலே போய்விடுகிறது. தேக்கு உத்திரம் நெருக்கமாகக் கிடக்கிற பெரிய வீடுகளுக்கு இது சரி. பனங்கட்டை மச்சுக்கு நான் சொல்ல மாட்டேன். இன்னொன்றும் உண்டு. மச்சு வாசல் நிலைகள் ஏற்கெனவே குனிந்து போகிற உயரம். அதில் இரண்டரை இஞ்சு ஏற்றினால் வீட்டில் எல்லோர் நெற்றியிலும் பொட்டு விழும்.

தம்பி சொன்ன கான்கிரீட். நாலு இஞ்சுத் தளம் சதுர மீட்டருக்கு 250 கிலோ. பதினெட்டு இஞ்சுச் சுவர் தாங்கலாம். ஆனால் பழைய சுவரைச் சுற்றி வெட்டி, முட்டுக் கொடுத்து, கூரையைத் தொங்கவிட்டபடி வேலை செய்ய வேண்டும். கட்டைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உளுத்திருந்தால் யோசிக்காமல் இதைத்தான் செய்வேன். மச்சில் குளியலறை வேண்டும் என்பவர்களும் இதைத்தான் செய்ய வேண்டும். மரத்தின்மேல் குளியலறை கட்டலாம் என்று எந்தக் கடைக்காரர் எந்த வாட்டர்புரூஃப் டப்பாவைக் காட்டினாலும் நம்ப வேண்டாம். குழாய் இணைப்பில் ஒரு சொட்டுக் கசிந்தால் அது தெரியவரும்போது கட்டை போயிருக்கும்.

சிமெண்ட் போர்டு பற்றி ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. பத்து மில்லிமீட்டர் போர்டு சதுர மீட்டருக்குப் பதின்மூன்று பதினாலு கிலோ, கையில் தூக்கினால் கல் மாதிரி இருக்கும். அதனால் அது தரையை விறைப்பாக்கும் என்று நினைக்கிறோம். ஆக்காது. அது டைல்ஸ் ஒட்டுவதற்கு நல்ல முகம், அவ்வளவுதான். தண்ணீரில் உப்பாது என்பது அதன் பலம். வாஷ்பேசின் பக்கம், பால்கனி வாசல் பக்கம் போடலாம். ஆனால் மேடு பள்ளமான பலகையில் நேரே திருகினால் அடியில் பொள்ளல் நிற்கும். பசையைப் பல் கரண்டியால் (விளிம்பில் பல் வெட்டிய கரண்டி) இழுத்து, அதில் அமுக்கித்தான் திருக வேண்டும். வெட்டும்போது பறக்கிற தூசி நெஞ்சுக்கு ஆகாது. வெளியே வைத்து, முகமூடி போட்டுக்கொண்டு வெட்டச் சொல்லுங்கள்.

பிரிப்பு விரிப்பு என்று ஒன்று இருக்கிறது. மூன்று மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பாய், மேலே குழிகுழியாக, அடியில் கம்பளி மாதிரி. மரம் அசைந்தால் அசைவு பாயிலேயே நின்றுவிடும், டைல்ஸுக்கு ஏறாது. யோசனை அருமை. ஆனால் இதுவும் வளைவைக் குறைக்காது, பலகையின் மேடுபள்ளத்தையும் சரிசெய்யாது. அடியில் பிளைவுட் போட்டுத்தான் இதை விரிக்க வேண்டும். எங்கள் பக்கம் கடையில் எட்டி எடுக்கிற சரக்கும் இல்லை. பன்னிரண்டடி அறைக்கு இது கொஞ்சம் ஆடம்பரம் என்று விட்டுவிட்டேன். இருபதடிக் கூடம் என்றால் வாங்கியிருப்பேன்.

கடைசியில் பிளைவுட்

நான் எடுத்தது பிளைவுட்தான். பலகை ஒரே திசையில் நார் ஓடுகிற மரம், அதனால் அகலத்தில் இஷ்டத்துக்கு விரிகிறது. பிளைவுட்டில் ஒரு சன்ன மரத்தாள் நெட்டுக்கு, அடுத்தது குறுக்குக்கு என்று ஒட்டியிருப்பதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும், அசைவு மிகக் குறைவு. பலகையின் ஆட்டத்துக்கும் டைல்ஸின் பிடிவாதத்துக்கும் நடுவே ஒரு மத்தியஸ்தர். எடையும் கம்மி: பன்னிரண்டு மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு எட்டுக் கிலோ அளவில்தான்.

எந்தப் பிளைவுட் என்பதில் கஞ்சத்தனம் கூடாது. கமர்ஷியல் என்று கடையில் தருவது ஈரம் பட்டால் எங்கள் ஊர் அப்பளம் மாதிரிப் பொரிந்துவிடும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை நல்லது, முடியாவிட்டால் ஐ.எஸ். 303இல் பி.டபிள்யு.ஆர். தரம், அதாவது கொதிநீரைத் தாங்குவது. முத்திரை பிளைவுட்டின்மேலேயே அச்சாகியிருக்கும், பில்லில் எழுதித் தருவதை நம்ப வேண்டாம். எங்கள் பலகை ஒரு இஞ்சு என்பதால் பன்னிரண்டு மில்லிமீட்டர் போதும் என்று முடிவுசெய்தோம். பலகை சன்னமாக இருந்தாலோ கட்டைகள் தூரமாகக் கிடந்தாலோ பதினெட்டுக்குப் போக வேண்டும்.

போடுகிற விதத்தில்தான் ஆசாரியும் நானும் இரண்டு நாள் வாதாடினோம். முதலில் ஆடுகிற பலகையை எல்லாம் பழைய ஆணியை நம்பாமல் திருகாணியால் கட்டையோடு இறுக்கினோம். 'கிரீச்' சத்தம் அத்தோடு நின்றது. உப்பியிருந்த விளிம்புகளை இழைப்புளி போட்டுத் தட்டையாக்கினார். பிளைவுட்டைப் பலகைக்குக் குறுக்காகப் படுக்க வைத்தோம். அதன் ஜாயிண்டு பலகையின் ஜாயிண்டுக்கு நேரே வரக் கூடாது. தாளுக்குத் தாள் ஒரு நூல் இடைவெளி, சுவர் ஓரத்தில் இரண்டு நூல். ஆசாரிக்கு இந்த இடைவெளிதான் தாங்கவில்லை. "நாப்பது வருச வேலையில சந்து விட்டுப் பலகை போட்டதில்ல அண்ணாச்சி" என்றார். சந்து தெரியாமல் கோப்பதுதான் அவர் தொழிலின் பெருமை, அவரிடம் போய்ச் சந்து விடு என்றால் கோபம் வராதா. மழைக்காலத்தில் பிளைவுட் முட்டிக்கொண்டு எழும்பினால் டைல்ஸும் சேர்ந்து எழும்பும் என்று சொன்ன பிறகு, வேண்டா வெறுப்பாக ஒரு ஆணியை நடுவில் வைத்து இடைவெளி அளந்தார்.

பிளைவுட்டுக்குத் திருகாணி ஓரத்தில் ஆறு இஞ்சுக்கு ஒன்று, நடுவில் எட்டு இஞ்சுக்கு ஒன்று. பலகையோடு நிற்க வேண்டும், அடிக்கட்டைக்குள் போகக் கூடாது. கட்டையோடு சேர்த்துப் பிடித்தால் கட்டையின் ஆட்டம் நேரே மேலே ஏறிவிடும். தலை பிளைவுட்டுக்குள் மூழ்க வேண்டும்.

அப்புறம் மட்டம். ஒன்றே கால் அடிக்கு மேல் நீளமான டைல்ஸ் என்றால் பத்தடிக்கு ஒரு நூல் வித்தியாசம்தான் அனுமதி. சின்ன டைல்ஸ் என்றால் இரண்டு நூல். பழைய மச்சில் இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் கேட்கிறவர்கள் இந்த இடத்தில் மாட்டுவார்கள். நாங்கள் ஒன்றுக்கு ஒன்று எடுத்தோம். மட்டப்பலகை வைத்துப் பார்த்ததில் ஒரு மூலையில் மட்டும் பள்ளம் இருந்தது; பிளைவுட்டைத் திருகுவதற்கு முன்பே அடியில் சன்னமான தேக்குச் சில்லுகளைக் கொடுத்து நிரவிவிட்டோம்.

ஒட்டுவதற்குச் சிமெண்ட் பால் ஆகாது. அது பிளைவுட்டிலும் பிடிக்காது, தண்ணீர் உறிஞ்சாத விட்ரிஃபைடு டைல்ஸிலும் பிடிக்காது. பாலிமர் கலந்த பசைதான் வேண்டும்; அதிலும் மூடையில் எஸ் 1 என்று போட்டிருப்பது. காய்ந்த பிறகும் அந்தப் பசை இரண்டரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் வளைந்து கொடுக்கும் என்பது அதன் பொருள். மரத்தின்மேல் ஒட்டலாம் என்று மூடையில் எழுதியிருக்கிறதா என்பதையும் வாசித்துவிட்டு வாங்குங்கள். கொத்தனார் பழக்கதோஷத்தில் டைல்ஸின் நடுவில் ஒரு உருண்டை, நாலு மூலைக்கு நாலு உருண்டை வைத்து அமுக்கப் பார்த்தார். பல் கரண்டியைக் கையில் கொடுத்து, ஒரு டைல்ஸை ஒட்டிய உடனே பெயர்த்துக் காட்டச் சொன்னேன். உருண்டை வைத்ததில் பாதி முதுகு வெறுமையாக இருந்தது. பல் கரண்டியால் இழுத்ததில் முதுகு முழுக்கப் பசை அப்பியிருந்தது. அதைப் பார்த்தபின் அவரே சித்தாளிடம், "எல்லாத்தையும் இழுத்துத் தேய்ல" என்று அதட்டினார்.

மொத்த உயரம் பிளைவுட், பசை, டைல்ஸ் சேர்த்து ஒரு இஞ்சு. நிலையில் இடிக்கவில்லை. ஆனால் ஏணிப்படியின் கடைசிப் படி மற்றப் படிகளைவிட ஒரு இஞ்சு கூடிப்போயிற்று. முதல் வாரம் எல்லோரும் தடுக்கினோம். படிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அது என் தப்பு.

அடியில் பலகையும் கட்டையும் அடுக்களையிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரியே விட்டிருக்கிறேன். பெயிண்டும் அடிக்கவில்லை, ஃபால்ஸ் சீலிங்கும் போடவில்லை. மேலே மூடியாயிற்று, கீழேயும் மூடினால் செல் ஏறுவது யார் கண்ணுக்கும் படாது.

பின்பக்கத்து மச்சுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. அங்கே அண்டா, குத்துவிளக்கு, பழைய தொட்டில் என்று சாமான்தான் கிடக்கிறது, கீழே பட்டாசல், அதாவது கூடம். ஆசாரி சந்துகளில் தேக்குச் சீவல் கொடுத்து அடைத்து, இழைத்து எண்ணெய் பூசிவிட்டார். எல்லா வழியிலும் மலிவு அதுதான், எடையும் ஏறவில்லை. உண்மையைச் சொன்னால் பார்க்க அதுதான் அழகாகவும் இருக்கிறது. அடுக்களைமேல் இருக்கிற அறையாக இல்லாவிட்டால், முன்பக்கத்துக்கும் அதையே செய்திருப்பேன்.

வேலை முடிகிற நாளில் சுவர் ஓரத்து இரண்டு நூல் சந்தைக் கொத்தனார் சிமெண்ட் குழைத்து அடைக்கப் போனார். அதை அடைத்தால் இதுவரை விட்ட சந்து எல்லாம் வீண். சிலிக்கான் வைத்து, மேலே ஸ்கர்ட்டிங் டைல்ஸால் மறைக்கச் சொன்னேன். ஸ்கர்ட்டிங் சுவரோடு மட்டும் ஒட்ட வேண்டும், தரையைத் தொடக் கூடாது. அடியில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி இருந்தால் போதும். "கார்டு எங்கிட்ட எதுக்கு அண்ணாச்சி" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து, அதை இரண்டாக மடித்து வைத்து ஒட்டினார்.